கல்வெட்டும் கணினியும்: எண்ணிம ஆவணப்படுத்தலின் வாசகர் யார்?

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் இறப்பு நிகழ்ந்து முப்பத்தொராம் நாளிற் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டி நடைபெறுவதும், அதனையடுத்து வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்தோர் கையில் ‘கல்வெட்டு’ என்னும் சிறுநூல் வழங்கப்படுவதும் யாவரும் அறிந்த வழக்கம். இறந்தவரின் நிழற்படம், திதி வெண்பா, திருமுறைப் பாடல்கள், மனைவி மக்கள் புலம்பல், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் என்பன அதன் உறுப்புகள். அழகியல் நோக்கில் இதனைப் புறந்தள்ளுவது எளிது. ஆயின் இச்சிறுநூல்கள் இன்று எண்ணிம வடிவம் பெற்று இணையத்தில் இடம்பெறுவதால், இலக்கிய ஆய்வாளர் தவிர்க்கவொண்ணாத வினாவொன்று எழுகின்றது: யாருக்காக, எந்நோக்கத்துக்காக ஒரு நூல் கணினியில் ஏற்றப்படுகின்றது?

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகத் திட்டமும் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை அளித்தன. முன்னது தன்னார்வலர் பலரின் தட்டச்சு உழைப்பால் தமிழிலக்கியங்களை உலகெங்கும் பரந்துள்ள தமிழர் விலையின்றிப் படிக்க வகைசெய்தது; அதன் வாசகர் பாடத்தை நாடுபவர். பின்னது ஈழத்து வெளியீடுகள் அனைத்தையும் நாடியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியூட்டப்பட்டமையை இவ்விடத்து மறத்தலாகாது. அத்தகைய அழிவைக் கண்ட சமூகம் பாடத்துடன் தாளையும் அட்டையையும் அச்சகத்தின் பெயரையும் காக்க விழைதல் இயல்பே. ஆதலின் பக்கங்களை அப்படியே வருடி வைக்கும் முறை அங்கு மேலோங்கியது. இதனை நான் குறையாகக் கூறவில்லை. அவ்வுழைப்பு இன்றேல் இக்கட்டுரையும் இல்லை.

எனினும் காத்தல் வேறு, பயன்படல் வேறு. வண்டி ஓடாத இருப்புப்பாதை முழுமையான இருப்புப்பாதை ஆகாது என்னும் கருத்தை 1857இல் எழுதிய தமது பொருளாதார ஆய்வு முன்னுரையில் மார்க்ஸ் குறிப்பிடுவார். நுகர்விலேயே உற்பத்தி நிறைவெய்துகின்றது என்பது அவர் வாதம். (1990 முதல் 2015 வரை புகையிரதம் காணாதிருந்த காங்கேசன்துறைக்கு அயலில் உள்ளோர்க்கு இவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை.)

கல்வெட்டைக் கொண்டே இதனைச் சோதிக்கலாம். அச்சிட்டபோது அதன் வாசகர் உறவினர். அவர்களுக்கு இறந்தவரின் பெயரே திறவுகோல். எண்ணிமப் பட்டியலும் பெரும்பாலும் அப்பெயரையும் ஆண்டையும் பக்க எண்ணிக்கையையுமே தருகின்றது. சமூக வரலாற்றை ஆராய்பவரோ பெயரை அறியார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் எங்கெங்கு இறந்தனர், மணவுறவுகள் எவ்வூர்களுக்குள் நின்றன, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைச் சம்பளம் எத்தகைய குடும்பங்களின் வாழ்வை மாற்றியது என்பனவே அவருடைய வினாக்கள். விடைக்கான தடயங்கள் வாழ்க்கை வரலாற்றுப் பக்கங்களிலும் வம்சாவளியிலும் உண்டு. ஆனால் ஊர், தொழில், இறந்த இடம் ஆகியன பட்டியலில் தனித் தலைப்புகள் ஆகாதவரை அவருக்கு அவை பூட்டிய பெட்டியே. நூல்கள் சிலவற்றுக்குச் செய்யப்பட்டுள்ள எழுத்துணரியாக்கம் ஓரளவு உதவும். அச்சு மங்கிய இடத்திலும், கிளைபிரியும் வம்சாவளி வரைபடத்திலும் அது தடுமாறும்.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. அச்சுச் செலவைத் தாங்கக்கூடியோரே கல்வெட்டு வெளியிட்டனர். கீரிமலைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரத்தில் 1968இல் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடியோருள், சுண்ணக்கல் அகழ்ந்தோருள், எத்தனை பேரின் வம்சாவளி அச்சேறியிருக்கும்? தொகுப்புப் பெருகப் பெருக, வசதிபடைத்தோரின் குடும்ப நினைவே ஊரின் வரலாறாகத் தோற்றங்கொள்ளும். அனைத்தையும் ஏற்றுவோம் என்பது நடுநிலையான திட்டம்போலத் தோன்றினும், அச்சு ஏற்கெனவே செய்த வர்க்கத் தெரிவையும் சாதித் தெரிவையும் அது கேள்வியின்றி ஏற்கின்றது. நூலக நிறுவனம் வாய்மொழி வரலாறுகளையும் பதிவுசெய்ய முற்பட்டமை இதனாலேயே முக்கியத்துவம் பெறுகின்றது.

பிறிதொன்று: வம்சாவளியில் உயிரோடிருப்போர் பெயர்களும் உள. உறவினர்க்கென அச்சிட்டதை உலகுக்குத் திறக்கும்போது அவர்தம் இசைவு வேண்டுமா என்பது தொழில்நுட்பவியலாளர் தனித்துத் தீர்க்கக்கூடிய விடயமன்று. இடம்பெயர்ந்து பல்லாண்டுகளின் பின் கீரிமலைக்கு மீண்டு அயலாரைத் தேடும் ஒருவரையும், பெண்களின் தொழில் வரலாற்றை ஆராயும் மாணவி ஒருவரையும், தம் பெயர் இணையத்தில் இருப்பதை விரும்பாத பேரப்பிள்ளை ஒருவரையும் வருடுபொறி வாங்குமுன்னரே அழைத்து அருகிருத்தி வினவினால், பட்டியலின் தலைப்புகள் அன்றே மாறத் தொடங்கும்.