சில்பியின் கோயில் ஓவியங்கள்

சில்பி (பி.எம். சீனிவாசன், 1919–1983) ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில்களிலேயே அமர்ந்து வரைந்தார். புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் இவை வேறு ஓவியங்களாகியிருக்கும். அண்ணாந்து எடுத்த படத்தில் கோபுரத்தின் பக்கங்கள் மிகையாகக் குவியும்; பிராகாரத் தூணின் நிழற்பகுதி வெறும் கருப்பாக மூடிக்கொள்ளும். கண்ணோ இருளுக்குப் பழகி, சிற்பத்தின் அணிமணிகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கிறது. சில்பியின் கோடுகளில் அந்தத் தேடல் தெரிகிறது. ஆனால் அந்த நுணுக்கமே சில இடங்களில் அவருக்கு எதிராகவும் நிற்கிறது. மாலையும் மேகலையும் முகமும் ஒரே அழுத்தம் பெறும்போது, நேரில் அமர்ந்தவர் எதைக் கண்டு வியந்தார் என்பது மறைந்துபோகிறது. அதைப் புகைப்படமே செய்திருக்கலாம். விவரங்களைக் குறைத்து, கல்லின்மேல் விழுந்த வெளிச்சத்துக்கு இடம்விட்ட படங்களே அவருடைய சிறந்த ஆக்கங்கள்.