ஏவியவர் பொறுப்பு: 'ஆலிவர் ட்விஸ்ட்' புதினத்தில் சிறார் குற்றமும் சட்டமும்

1837ஆம் ஆண்டு பிப்ரவரியில் சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' தொடராக வெளிவரத் தொடங்கியது. அதே ஆண்டில் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவை அளித்தது. குழந்தையின் கையால் குற்றம் செய்விக்கும் பெரியவரின் பொறுப்பு யாது என்னும் வினாவிற்குப் புதினம் ஒரு விடையையும், அவ்வரைவின்வழிப் பிறந்த சட்டம் வேறொரு விடையையும் தந்தன. அவ்விரு விடைகளையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்புதினம் பெரும்பாலும் ஏழையர் விடுதிகளின் கொடுமையைச் சாடும் படைப்பாகவே வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பு பிழையன்று, எனினும் முழுமையானதன்று. கதைப்பின்னலின் அச்சாக அமைவது ஓர் ஏவல். ஆலிவர் தன் இளமைப் பருவத்தில் பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் செயல் எதனிலும் வெளிப்பட ஈடுபடாதிருந்தால் மட்டுமே சொத்து அவனைச் சேரும் என்பது தந்தையின் உயில். ஆகவே அவனைத் திருடனாக்க மாங்க்ஸ் ஃபேகினை அமர்த்துகிறான். இங்குக் குற்றம் வறுமையின் தற்செயல் விளைவன்று. பணம் கொடுத்துச் செய்விக்கப்படும் திட்டம்.

அத்திட்டம் செயற்படும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. ஃபேகின் அச்சுறுத்தித் தொடங்கவில்லை. பசித்தவனுக்கு உணவளிக்கிறான், பின்னர் விளையாட்டுக் காட்டுகிறான். அவன் முதியவரைப்போல நடக்க, சிறுவர்கள் அவன் சட்டைப்பையிலுள்ள பொருள்களை அவன் உணராதவாறு எடுக்கின்றனர். ஆலிவர் கண்ணில் நீர் வரும்வரை சிரிக்கிறான். தான் பார்த்தது திருட்டுப் பயிற்சி என்பது புத்தகக் கடையருகே பிரௌன்லோவின் கைக்குட்டை பறிபோகும்போதுதான் அவனுக்கு விளங்குகிறது. எடுத்தவர்கள் தப்ப, அகப்படுபவன் அவனே.

தண்டனை யாருக்கு எதற்காகக் கிடைக்கிறது என்று காண்போமாயின் புதினத்தின் நெருக்கடி புலப்படும். டாட்ஜர் என்னும் சிறுவன் மூக்குப்பொடிச் சிமிழ் திருடியதற்காக நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளாகிறான். ஃபேகின் தூக்கிலிடப்படுகிறான், ஆனால் சிறுவர்களைக் கெடுத்ததற்காக அன்று, நான்சியின் கொலைக்கு முன்னரே உடந்தையாக இருந்தான் என்பதற்காகவே. மாங்க்ஸோ எஞ்சிய சொத்தில் பாதியைப் பெற்றுப் புதிய உலகிற்குச் செல்கிறான். பின்னாளில் அவன் சிறையில் மடிவதும் வேறொரு மோசடியின் பொருட்டே. இவ்வாறு, கதையை நடத்திச் செல்லும் குற்றம் கதைக்குள் எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை. ஃபேகினைப் பெயரைவிட இனத்தாலேயே மிகுதியும் சுட்டிய வழக்கும் இதனோடு இணைத்துப் பார்க்கத்தக்கது. செயலுக்குரிய பழியை அது பிறப்பின்மேல் ஏற்றியது. 1863இல் யூத வாசகர் ஒருவர் இதைக் கண்டித்தார். 1867ஆம் ஆண்டுப் பதிப்பில் டிக்கன்ஸ் அத்தகைய இடங்கள் பலவற்றை நீக்கினார்.

புதினம் விட்டதை இந்தியச் சட்டம் பெயரிட்டுக் கூறியது. 1860இல் நிறைவேறிய தண்டனைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஏவப்பட்டவர் குற்றம் புரியும் சட்டத் தகுதி உடையவராக இருக்க வேண்டியதில்லை என விளக்கியது. ஏழு வயது நிரம்பாத குழந்தையைக்கொண்டு கொலை செய்வித்தவர் கொலைக்குரிய தண்டனையையே பெறுவார் என்பது அதன் எடுத்துக்காட்டு. ஒரு குற்றத்திற்கு உடந்தையாவது குற்றமாயின் அவ்வுடந்தைக்கு உடந்தையாவதும் குற்றமே என அப்பிரிவு மேலும் கூறியது. அந்நோக்கில் மாங்க்ஸ் ஃபேகினோடு ஒரே கூண்டில் நிற்க வேண்டியவன். சிறாரைச் சட்டத்திற்குப் புறம்பான செயல்களுக்குப் பயன்படுத்துவோருக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவு ஏழாண்டுவரை கடுங்காவல் விதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95ஆம் பிரிவு, குற்றம் புரியக் குழந்தையை அமர்த்துவோருக்கு மூன்றாண்டிற்குக் குறையாமல் பத்தாண்டுவரை சிறைத்தண்டனை விதிப்பதுடன், அக்குற்றம் நிகழ்ந்துவிட்டால் அதை அவர்களே செய்ததாகக் கருதி அதற்குரிய தண்டனையையும் சேர்க்கிறது.

தமிழ் அறமரபில் திருக்குறளின் 'சிற்றினஞ்சேராமை' அதிகாரம் சேர்பவரை நோக்கிப் பேசுகிறது. அரசியல் பகுதியில் அமைந்த அவ்வதிகாரம், இனத்தை ஆராய்ந்து தெரிவு செய்யும் ஆற்றல் உடையவருக்குரியது. பத்து வயதளவிலான பசித்த சிறுவனுக்கு அந்த அளவுகோலைப் பொருத்துதல் தகாது. அவன் இனத்தைத் தேர்வதில்லை, இனமே அவனைத் தேர்கிறது.

எனினும் சட்டச்சொல் மட்டும் போதாது என்பதையும் புதினமே உணர்த்துகிறது. நீதிபதி ஃபாங்கின் முன் ஆலிவரால் தன் பெயரைக்கூடச் சொல்ல இயலவில்லை. காவலர் ஒருவர் தாமே ஒரு பெயரைக் கற்பித்துக் கூறுகிறார். மூன்று மாதக் கடின உழைப்புத் தண்டனையும் விதிக்கப்படுகிறது. கடைக்காரர் வந்து உண்மை உரைத்ததாலேயே அவன் மீள்கிறான். விளையாட்டுக் கற்பித்தவன் யார் என்ற வினா அம்மன்றத்தில் எழவே இல்லை. அவ்வினா எழுப்பப்படாத மன்றத்தில் 95ஆம் பிரிவும் ஏட்டளவிலேயே நிற்கும்; அகப்பட்ட சிறுவனே முதலும் முடிவுமாகிய குற்றவாளியாவான்.