ஓரம் முதலா, நடு முதலா?

நம் பின்னல் சங்கத்தின் பொன்விழா மலருக்காக மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது நான்கு பக்கம். தலைப்பையும் அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டேன். தலைவியம்மா பொறுத்துக்கொள்வார்கள். எங்கள் பின்னல் டீச்சரிடம் முதலில் ஊசி பிடித்தவர்கள் அவர்கள், கடைசியாகப் பிடித்தவள் நான். அந்த உரிமையில் செய்துவிட்டேன்.

கண்ணி ஏற்றுவதையும் இறக்குவதையும் இங்கே எழுதப்போவதில்லை. இந்த மலரைப் புரட்டும் கைகளுக்கு அது சோறு பிசைகிற மாதிரி. நடுவில் வெறும் நேர்ப்பின்னல், சுற்றிலும் அலை, அதற்கும் வெளியே பல் பல்லாக லேஸ் ஓரம். இந்த எளிய சால்வைக்குள் எத்தனை வழி, எந்த வழிக்கு எது சட்டம் என்று பேசத்தான் எனக்கு ஆசை.

முதலில் ஒரு திருத்தம். சென்ற ஆண்டு விழா அழைப்பிதழில் நம் கலை நாகர்கோவிலிலிருந்து மலையேறி வந்தது என்று அச்சாகியிருந்தது. எழுதியவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் மால்ட் தம்பதியரில் மார்த்தா அம்மையார் அங்குள்ள பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது திண்டு லேஸ். திண்டின்மேல் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டு எடுக்கிற வேலை. கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலைதான். ஆனால் அதில் ஊசியில் ஏற்றுகிற கண்ணியே கிடையாது. நம்முடையது இரண்டு ஊசி வேலை. அதே மாதிரி தோடர்களின் பூத்துக்குளிச் சால்வையைப் பார்த்துவிட்டு, "இதுவும் உங்கள் சங்கத்துப் பின்னலா?" என்று கேட்பவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அது நெய்த துணிமேல் போடும் பூவேலை. அதில் நமக்குப் பங்கில்லை.

நம் சால்வையின் தாய்வீடு ஸ்காட்லாந்துக்கும் வடக்கே இருக்கிற ஷெட்லாந்து தீவுகள். அங்கே இதற்கு ஹாப் என்று பெயர். போர்த்து, பொதி என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். தோளில் போட்டு, மார்புக்குக் குறுக்கே இழுத்து, முதுகில் முடிந்துகொண்டு வேலைக்குப் போவார்கள். பிள்ளையையும் அதில்தான் சுற்றுவார்கள். ஆட்டைக் கத்தரிக்காமல், பருவத்தில் தானாகக் கழலுகிற ரோமத்தைக் கையால் பறித்தெடுக்கும் வழக்கம் அந்த ஊரில் இருந்தது. அதிலும் கழுத்து ரோமம்தான் மெல்லிய நூலுக்கு. அதை நூற்று அன்ஸ்ட் தீவுக்காரிகள் பின்னிய சால்வை மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும். அது பணக்கார வீட்டுச் சால்வை. நம் சங்கத்துச் சால்வை ஹாப் வழி, உழைக்கிறவள் வழி. இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஷெட்லாந்தில் பிறந்த ஆர்தர் ஆண்டர்சன் 1837-ல் விக்டோரியா ராணிக்கு ஷெட்லாந்துக் காலுறைகளைப் பரிசாகக் கொடுத்தார். ராணி அணிந்ததும் ஊரெல்லாம் கேட்டது. 1851 லண்டன் கண்காட்சியில் சால்வைகளும் இடம்பிடித்தன. பிற்பாடு மதராசுக்கும் கொழும்புக்கும் துரைமார் குடும்பங்களை ஏற்றிவந்த பி அண்டு ஓ கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்த ஆண்டர்சன்தான். இவ்வளவும் நம் பெரியவர்கள் மேடையில் சொன்னவை. அவர்கள் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. பின்னிக் கொடுத்த பெண்களுக்கு வியாபாரிகள் காசு தரவில்லை. தேயிலையும் துணியும் கூலியாகக் கொடுத்தார்கள். அரசாங்கம் விசாரணை வைத்து 1872-ல் அறிக்கை போட்ட சங்கதி இது. சோற்றுக்கில்லாதவள் கூலித் தேயிலையை அண்டை வீட்டில் கொடுத்து மாவு வாங்கினாள். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து பின்னுகிற நாம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இனி தலைப்பில் கேட்ட வழக்குக்கு வருகிறேன். சங்கம் தொடங்கிய நாளிலிருந்தே மேல் குன்னூர்க்காரர்கள் ஓரம் முதல், வெலிங்டன் அக்காமார் நடு முதல். நடுச் சதுரத்தை முடித்து, நாலு பக்கமும் கண்ணி எடுத்து, அலையை வெளிப்பக்கமாக வளர்த்து, கடைசியில் லேஸ் ஓரத்தைப் பக்கவாட்டில் பின்னிக்கொண்டே இரண்டு வரிக்கு ஒரு கண்ணியாக விழுங்கிப் போவது அவர்கள் முறை. நூல் தீர்ந்தால் அந்த இடத்தோடு அலையை நிறுத்திக்கொள்ளலாம். ஊர் ஊராக மாற்றலாகிற ராணுவக் குடும்பத்துக்கு அது தோதான முறை. குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் நாத்தனாரே அந்தக் கட்சி.

எங்கள் டீச்சர் ஓரம் முதல். லேஸ் ஓரத்தை முதலில் பின்னி, அதில் கண்ணி எடுத்து, அலையைக் குறைத்துக்கொண்டே உள்ளே நடுவுக்கு வருவது. ஷெட்லாந்துப் பழைய முறையும் அதுதான் என்பதை அடக்கத்தோடு சொல்லிவைக்கிறேன். "வாசலில் கோலம் போட்டுவிட்டுத்தானே அடுப்படிக்குப் போவாய்?" என்பார். கன்னியர் பள்ளியில் ஒரு வயதான சிஸ்டரிடம் எட்டு வயதில் கற்றதாம். கணக்கு மட்டும் டீச்சருடைய சொந்தக் கணக்கு. நடுவுக்கு 108 கண்ணி, 216 வரி. ஓல்டு ஷேல் என்று ஷெட்லாந்தில் சொல்கிற நம் அலைக்குப் பதினெட்டுக் கண்ணி ஒரு கட்டு. 108-ல் ஆறு கட்டு சரியாக உட்காரும். அலையின் வெளிவிளிம்பு 162, அதாவது ஒன்பது கட்டு. ஒரு வரி விட்டு ஒரு வரி இரு முனையிலும் ஒவ்வொரு கண்ணி குறைத்துக்கொண்டு வந்தால் 54 வரியில் 108-ல் வந்து நிற்கும். ஓரத்தில் ஒரு பல்லுக்குப் பதினெட்டு வரி, அதிலிருந்து ஒன்பது கண்ணி எடுக்கலாம். ஆக ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பல், நாலு பக்கத்துக்கு 72. மூலைக்கு ஒன்று கூடுதல். மொத்தம் 76. கால்குலேட்டரைத் தொடாமல் இதை ஒப்பிப்பார்.

அந்த மூலைப் பல்லில்தான் என் மானம் போனது. கூடுதல் பல்லுக்குக் கண்ணிகளைத் தனித்தனியாக எடுக்காமல் கூட்டிச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் ஓரம் தளர்ந்து மூலையைச் சுற்றி வரும். நூலும் நேரமும் மிச்சம் என்று நான் அந்த நாலு பல்லையும் விட்டுவிட்டேன். பெட்போர்டு சரிவில் இருந்த அவர் வீட்டுக்கு மூன்று மாத வேலையை எடுத்துக்கொண்டு போனேன். வெளியே மூடுபனி. டீச்சர் ஒன்றும் பேசவில்லை. மேசைமேல் சால்வையை விரித்தார். நாலு மூலையும் எழும்பிக்கொண்டு நின்றது. உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். உருண்டு ஓடாமல் உட்கார்ந்துகொண்டது. "கிண்ணம் நன்றாக இருக்கிறது. சால்வை எங்கே?" என்றார். அன்று சாயங்காலமே பிரித்தேன்.

அவருடைய இன்னொரு சட்டம் மறுபக்கம். முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பிப் போட்டு, நூல் முனைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று விரலால் தடவித் தேடுவார். அகப்பட்டால் தோல்வி. கடைசி அலையையும் நடுவையும் மழுங்கிய ஊசியால் கண்ணிக்குக் கண்ணி கோத்துச் சேர்ப்பது அவர் கையில் பார்க்க வேண்டிய வேலை. எங்கே சேர்ந்தது என்று அவருக்கே பிறகு தெரியாது. கண்ணி இறக்கி முடிக்கிற கெட்டி விளிம்பு அந்தச் சால்வையில் ஒரு இடத்திலும் இல்லை. அதனால்தான் நனைத்து இழுக்கும்போது எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இணங்கும்.

மற்ற வழிகளைப் பற்றி ஓரிரு வார்த்தை. ரஷ்யாவின் ஒரன்பர்க் சால்வை வெள்ளாட்டுப் பூம்பஞ்சு மயிரைப் பட்டு நூலோடு முறுக்கிப் பின்னுவது. பின்னி முடித்ததை வாத்து முட்டை ஓட்டுக்குள் அடைத்துக் காட்டுவார்கள். எஸ்தோனியாவின் ஹாப்சாலுவில் ஓரத்தைத் தனியே பின்னித் தைத்து இணைக்கிறார்கள். ஒரே கண்ணியிலிருந்து ஐந்து, ஏழு, ஒன்பது எடுத்து அடுத்த வரியில் ஒன்றாக்கும் மொட்டு அவர்களுடைய முத்திரை. நம் சங்கத்தில் இருவர் அதை முயன்று கைவிட்டார்கள். மூன்றாமவர் முயன்று மருத்துவரிடம் போனார்.

இனி எழுதுவது யாரையும் மனதில் வைத்து அல்ல. சமீப காலமாகச் சிலர் சால்வையை நனைத்து இழுத்துக் காயவைப்பதில்லை. கம்பளி நனைந்தால் இளகும், இழுத்துக் குத்திக் காயவிட்டால் அந்த வடிவிலேயே நிற்கும். துளைகள் கண் திறப்பது அப்போதுதான். அதுவரை லேஸ் ஓரம் கசங்கிய காகிதம். கேட்டால், "அக்ரிலிக் நூல் அக்கா, நனைத்தாலும் நிற்காது" என்கிறார்கள். நிற்காது என்று தெரிந்த நூலில் லேஸை ஏன் தொடங்க வேண்டும்? அதுவும் போகட்டும். போன கண்காட்சியில் ஒரு சால்வையின் ஓரத்தைத் தொட்டேன். கடையில் மீட்டர் கணக்கில் விற்கிற லேஸ் நாடா, தையல் எந்திரத்தில் அடித்தது. அதற்கு ஆறுதல் பரிசு வேறு. யாருக்கு ஆறுதல்? அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. எந்திரத்தில் வந்த சால்வைக்கு "நீலகிரிக் கைவேலை" என்று சீட்டு ஒட்டிச் சுற்றுலாக்காரர் தலையில் கட்டுகிறார்கள். காப்பியில் சிக்கரி, தேனில் வெல்லப்பாகு, பேரப்பிள்ளைகள் திருகாணி போடத் தெரியாமல் காந்தக் கம்மல் மாட்டுகிறார்கள். பொறுமை என்ற ஒன்று இந்த மலையை விட்டே இறங்கிப் போய்விட்டது. பனிகூட முன்போல நேரத்துக்கு விழுவதில்லை. ஓரம் ஒழுங்காக இருந்த காலத்தில் இப்படியெல்லாம் இல்லை என்று நான் சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். அவள் நடு முதல் கட்சி.

பக்கம் முடியப்போகிறது. பொன்விழாக் கண்காட்சிக்குச் சால்வை தருகிறவர்கள் மறுபக்கம் மேலே தெரியும்படி மடித்துக் கொடுங்கள். நடுவர் மேசையில் இந்த வருடம் நானும் இருக்கிறேன். எலுமிச்சம்பழம் நானே கொண்டுவருவேன்.