க்வாஷியோர்கர் என்று பெயர் வைத்தால் போதுமா?

எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வரும் புரதக் குறைபாடு பற்றிய கேஸ் ரிப்போர்ட்டுகளைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கதை ஏறக்குறைய ஒன்றுதான். கால் வீங்குகிறது; தோல் கறுத்து, பழைய சுவரில் பெயிண்ட் உரிகிற மாதிரி உரிகிறது. முதலில் எக்ஸிமா என்று களிம்பு. கடைசியில் யாரோ ஒருவர் பழைய ஆபரேஷனைப் பற்றிக் கேட்டு, ரத்தத்தில் அல்புமின் பார்த்து, "க்வாஷியோர்கர்" என்று முடிக்கிறார். எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்தான்.

இன்றைய கானாவில் மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்த குழந்தைகளைப் பார்த்து சிசிலி வில்லியம்ஸ் இந்த நோயை 1933-ல் விவரித்தார். 1935-ல் அந்த ஊர் கா மொழிச் சொல்லையே அதற்குப் பெயராக்கினார். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பாலை இழக்கிற குழந்தைக்கு வருவது என்று பொருள். நாம் சவலைப்பிள்ளை என்போமே, அதேதான். எதை இழந்ததால் வந்தது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆபரேஷன் ஆனவர் விஷயம் வேறு. அவர் சாப்பிடத்தான் செய்கிறார். ஜெனோவாவில் நிக்கோலா ஸ்கோபினாரோ 1979-ல் வெளியிட்ட முறையில் உணவு ஒரு குடல் வழியாகவும், பித்தநீரும் கணையநீரும் இன்னொரு வழியாகவும் இறங்கும். இரண்டும் சேர்வது சிறுகுடலின் கடைசி 50 சென்டிமீட்டரில்தான். சாப்பிட்ட பருப்பும் முட்டையும் செரித்து உள்ளே போக இடமே குறைவு. புரதம் மட்டுமா? துத்தநாகம், செம்பு, கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் எல்லாமே நழுவும். வாயைச் சுற்றியும் விரல்களிலும் புண் என்றால் துத்தநாகத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதற்காக ஜிங்க் மாத்திரையை அள்ளிக் கொடுத்தால் செம்பு இறங்கிவிடும். "புரதக் குறைபாடு" என்று ஒரே பெயரில் கட்டிவிட்டால் இதையெல்லாம் யார் தேடுவார்கள்?

குழந்தைகளிடமே அந்த விளக்கம் முழுசாக நிற்கவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. க்வாஷியோர்கர் வந்த குழந்தைகளும் மராஸ்மஸ் வந்த குழந்தைகளும் சாப்பிட்டதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஹைதராபாத்தில் சி. கோபாலன் 1960-களிலேயே காட்டிவிட்டார். அல்புமினும் நேரான சாட்சி இல்லை; கிருமித்தொற்று வந்தாலே அது இறங்கும்.

நோய் தாமதமாகத் தெரிவதற்குக் காரணம் அளவுகோல் என்றுதான் நினைக்கிறேன். ஆபரேஷனின் வெற்றியை எத்தனை கிலோ குறைந்தது என்று பார்க்கிறார்கள். கரைந்தது கொழுப்பா தசையா என்று எடைமெஷின் சொல்லாது. வீக்கத்தில் நீர் சேர்ந்தால் அந்த எண்ணும் பொய். ஆள் மெலிந்துகொண்டே போனால் எல்லாரும் பாராட்டுவார்கள். தோல் உரிந்த பிறகுதான் யோசிப்பார்கள்.

நான் இந்த ரிப்போர்ட்டுகளில் தேடுவது மூன்று விஷயம்: பொதுக்குடல் எத்தனை சென்டிமீட்டர் விட்டார்கள், கடைசியாக ரத்தம் பார்த்தது எப்போது, தினம் 60 கிராம் புரதமாவது சாப்பிடச் சொல்லி யாராவது பின்தொடர்ந்தார்களா. படித்தவற்றில் பலவற்றில் தோலின் கலர்ப் படம் இருக்கிறது. இந்த மூன்றும் இல்லை.