சக்திமான் குதிரையும் செய்திகள் விட்டுவிட்ட கேள்வியும்

2016 மார்ச் 14 அன்று டேராடூனில் நடந்த ஆர்ப்பாட்டம் ஒன்றில், உத்தரகண்ட் காவல்துறையின் வெள்ளைக் குதிரை சக்திமானின் பின்னங்கால் முறிந்தது. சில நாட்களில் அந்தக் கால் அகற்றப்பட்டுச் செயற்கைக் கால் பொருத்தப்பட்டது. ஏப்ரல் 20 அன்று குதிரை இறந்தது.

நாடெங்கும் பேசப்பட்ட செய்தி இது. ஒரு விலங்கின் வேதனையை மக்கள் மனத்தில் பதித்ததற்காகப் பத்திரிகைகளைப் பாராட்டலாம். ஆனால், முதலில் அடித்தவர் யார் என்ற சர்ச்சை. அடுத்துச் செயற்கைக் காலைப் பற்றிய வியப்பு. காலைக் காப்பாற்ற முடியாமற் போனது ஏன் என்பதற்குப் பெரும்பாலும் கிடைத்த விடை, 'கால் அழுகிவிட்டது' என்ற ஒரே வரிதான்.

விளக்க வேண்டிய விஞ்ஞானம் அந்த வரிக்குள்தான் இருக்கிறது. குதிரையின் காலில் கீழ்ப்பகுதியில் தசை அநேகமாக இல்லை. எலும்பு, தசைநாண், தோல் அவ்வளவே. எலும்பு முறிந்து தோலும் கிழிந்தால் மண்ணும் சாணமும் புண்ணில் சேரும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும், ஊசியில் ஏற்றும் மருந்தும் இரத்தத்தின் வழியே வரவேண்டியவை. இரத்த ஓட்டம் தடைப்பட்ட இடத்தை அவை எட்டுவதில்லை.

தகடும் திருகாணியும் பொருத்தி எலும்பை இணைத்தாலும் அபாயம் நீங்குவதில்லை. பாக்டீரியாக்கள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, வழவழப்பான படலம் ஒன்றை உண்டாக்கி அதற்குள் வாழ்கின்றன. கோட்டக்குப்பம் கடற்கரை மீனவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். நெடுநாள் நீரில் கிடந்த படகின் அடியில் படிந்த பாசி அலையடித்துப் போகாது, சுரண்டித்தான் எடுக்கவேண்டும். அதுபோல, மருந்துக்கு மசியாத படலத்தை நீக்கப் பல வேளைகளில் தகட்டையே கழற்ற நேரிடும். எலும்பு கூடுமுன் கழற்றினாலோ முறிவு மீண்டும் விலகும்!

மனிதனைப் படுக்க வைக்கலாம். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரையை வாரக்கணக்கில் படுக்க வைக்க முடியாது. நோயுற்ற காலை ஊன்றாவிட்டால் பளு மற்றக் கால்களில் ஏறி, குளம்பழற்சி தோன்றும். அமெரிக்கப் பந்தயக் குதிரை பார்பரோவின் கால் 2006 மே 20 அன்று முறிந்தது. சிறந்த மருத்துவமனையில் 27 திருகாணிகளால் அதை இணைத்தார்கள். எனினும் எதிர்ப்பக்கக் காலில் குளம்பழற்சி கண்டது. 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. ஆகவே, வசதிக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. செயற்கைக் காலை முழு வெற்றியாகக் காட்டுவதும் பொருந்தாது.

புண் எத்தனை மணி நேரத்தில் கழுவப்பட்டது? கால் எப்போது அசையாமல் கட்டப்பட்டது? மருந்து எப்போது தொடங்கப்பட்டது? இவற்றையே செய்தியாளர்கள் கேட்டிருக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும், கோட்டக்குப்பத்துக்கு அருகே புதுச்சேரியிலும் இருக்கின்றன. இறந்த குதிரைக்கு இரங்கியது நல்லதே. அடுத்த குதிரை பிழைக்க உதவுவன இக்கேள்விகளே.