அம்மம்மாவின் கையெழுத்து செல்லாது

டியூக் ஒஃப் எடின்பரோ விருதைப் பற்றித் தமிழில் என் கண்ணில் பட்டவை எல்லாம் வாழ்த்துச் செய்திகள்தான். இன்னாருடைய மகள் தங்கம் பெற்றார், பக்கத்தில் ஒரு படம், முடிந்தது கதை. அந்த விருது எந்த எண்ணத்தின் மேல் நிற்கிறது என்று கேட்பாரில்லை.

1956இல் பிரிட்டனில் தொடங்கியது. பெயர் இளவரசர் பிலிப்புடையது; எண்ணம் அவருடைய ஆசிரியர் குர்ட் ஹானுடையது. ஹான் ஜெர்மனிய யூதர். நாஜிகளை வெளிப்படையாக எதிர்த்து 1933இல் சிறைப்பட்டவர். பிறகு பிரிட்டனுக்கு வந்து, 1934இல் ஸ்கொட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். பிலிப் அங்கே ஆரம்பகால மாணவர்களில் ஒருவர். விருதை நடத்த அழைக்கப்பட்டவர் ஜோன் ஹன்ட், 1953 எவரெஸ்ட் பயணத்தின் தலைவர். மலை ஏறின மனுசனைப் பிடிச்சுப் பிள்ளையளைக் காடு மேடெல்லாம் நடக்க விட்டிருக்கினம் என்று சிரிக்கலாம். ஆனால் அந்த நடைதான் இந்த விருதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. தங்க நிலையில் நான்கு பகல், மூன்று இரவு. கூடாரத்தையும் சாப்பாட்டையும் முதுகில் சுமந்துகொண்டு, வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு வரவேண்டும். பெரியவர்கள் தூர நின்று கவனிப்பார்கள். ஈரச் சப்பாத்தோடு மலையில் நிற்கிற பிள்ளைக்குச் சான்றிதழ் நினைவு வராது. அங்கே பொய்க்கு அதிகம் இடமில்லை.

இன்னொரு பெருமையும் உண்டு. தொண்டு, உடற்பயிற்சி, திறன், பயணம் என்ற நான்கிலும் இலக்கை வைப்பது பிள்ளைதான். ஒருவர் வெல்ல இன்னொருவர் தோற்கத் தேவையில்லை. ‘வகுப்பிலை எத்தனையாம் பிள்ளை?’ என்று கேட்டே வளர்த்த, வளர்ந்த சமூகம் நாங்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பிரிட்டனுக்கு வந்தும் மறக்கவில்லை. இங்கே அதற்கு வேறு பெயர், வேறு ரியூசன். அந்தக் கேள்விக்கு இந்த விருதில் பதிலே கிடையாது. இதற்காகவே ஹானுக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் ‘தானே வைத்த இலக்கு’ என்பது எவ்வளவு தூரம் தானே வைத்தது? 1958இல் பெண்பிள்ளைகளுக்கான திட்டம் வந்தபோது அதில் ‘வாழ்க்கையை வடிவமைத்தல்’ என்று ஒரு பகுதி இருந்தது. வீட்டைப் பேணுவது, உடுத்துவது போன்ற சங்கதிகள். இலக்கை நீயே தெரிவுசெய், ஆனால் இந்த அலுமாரிக்குள் இருந்து எடு என்கிற மாதிரி. 1969இல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அலுமாரி போய்விட்டதா என்பதுதான் என் கேள்வி.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். மேல்வகுப்புப் பிள்ளைகள் கீழ்வகுப்புக்கு உதவிக்கு வருவார்கள். வெண்கலத்துக்கு வாரம் ஒரு மணித்தியாலம், குறைந்தது மூன்று மாதம். முடிவில், ‘மாஸ்ரர், இதிலை ஒரு அறிக்கை எழுதித் தாங்கோ.’ எழுதிக் கொடுத்திருக்கிறேன், நிறைய. அவர்கள் முதலில் எழுதி வைத்திருக்கும் இலக்கையும் வாசிப்பேன். தன்னம்பிக்கை வளரும், குழுவாக இயங்கப் பழகுவேன், தலைமைத்துவம் வரும். எல்லோருக்கும் ஒரே இலக்கு! நிச்சயம் எட்டக்கூடிய இலக்காகப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இது வரப்போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முயன்று தோற்ற ஒரு பிள்ளை அதை எழுதி நான் வாசித்ததில்லை. இலக்கிய வகையாகப் பார்த்தால் இது நன்றியுரையின் பக்கத்து வீடு.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, பதினான்கு வயது. அம்மாவுக்கு இரவு வேலை. அம்மம்மாவுக்கு நீரிழிவு, ஆங்கிலம் தெரியாது. டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது, அவர் சொல்வதைத் தமிழில் சொல்வது, அம்மம்மா மறைப்பதை ஆங்கிலத்தில் சொல்வது, மாத்திரைகளை நாள்வாரியாகப் பெட்டியில் பிரிப்பது எல்லாம் இவள்தான். ‘குருதி உறைதல்’ என்ற சொல்லை நான் படிப்பிக்க முதலே அவளுக்குத் தெரிந்திருந்தது. தொண்டு, திறன் இரண்டுக்கும் இதைவிட என்ன வேண்டும்?

இதெல்லாம் படிவத்தில் இல்லை. விதி எளிது: மதிப்பிட்டுக் கையெழுத்திடுகிறவர் குடும்பத்தவராக இருக்கக்கூடாது. விதியில் நியாயம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எங்கட அம்மாமார் பேனையோடதான் நிப்பினம். ஆனால் வெளியாள் பார்க்காத உழைப்பு உழைப்பாகவே எண்ணப்படாமல் போவதும் அதே விதியால்தான். தெரிவுசெய்து எடுத்த வேலைக்குப் பதக்கம் இருக்கிறது. தலையில் வந்து விழுந்த வேலைக்கு இல்லை. ஓய்வு நேரம் இருக்கிற பிள்ளைதான் இலக்கு வைக்கலாம் என்றால், அது குணத்தை அளக்கிறதா, நேரத்தை அளக்கிறதா?

விதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. அந்த டொக்டர் வெளியாள்தானே, அவள் மொழிபெயர்த்ததைக் காதால் கேட்டவர். அவரிடமே ஒரு கையெழுத்துக் கேட்டிருக்கலாமே என்று அவளிடம் சொன்னேன்.

‘அதை எந்தத் தலைப்புக்குக் கீழை போடுறது மாஸ்ரர்?’ என்றாள்.

அவள் தொண்டுக்கடை ஒன்றுக்குப் போய், ஆரோ கொடுத்த உடுப்புகளை வாரம் ஒரு மணித்தியாலம் மடித்து அடுக்கி வெண்கலத்தை முடித்தாள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பக்கத்து வீட்டு அன்ரி அம்மம்மாவோடு இருந்தார். இப்போது வெள்ளி. தொண்டுக்கு ஆறு மாதம். அதே கடை.