திறந்த மூலமும் மூடிய திரளும்: வீட்டு வலைவழங்கியின் பாதுகாப்பை முன்வைத்து வன்பொருள் இயக்கிகள் குறித்த மூன்று நிலைப்பாடுகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டில் வைத்து நடத்தப்படும் வலைவழங்கியின் பாதுகாப்பைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கடவுச்சொல், தீச்சுவர், மறையாக்கம் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. வழங்கியின் அடித்தளமாகிய வன்பொருள் இயக்கிகளின் திறந்தநிலை தனியொரு விவாதமாகவே நடந்துவருகிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும் இக்கட்டுரை, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ஓப்பன்பிஎஸ்டி, டெபியன் ஆகிய மூன்றின் நிலைப்பாடுகளை ஆராய்கிறது. திறந்தநிலை தன்னளவில் பாதுகாப்பு ஆகாது என்பதும், திருத்தும் வாய்ப்பு யாரிடம் உள்ளது என்ற வினாவே மூன்றையும் மதிப்பிடும் அளவுகோலாக அமைய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: வலைவழங்கி, இயக்கி, நிலைபொருள், இருமத் திரள், கட்டற்ற மென்பொருள், திறமூலம்.

முன்னுரை

கிராமியக் கலைஞர்களிடம் பதிவுசெய்த ஒலிப்பதிவுகளைப் பிறர் கைக்குத் தராமல் காப்பதாக வாக்களித்த ஆய்வாளர், அவற்றைப் பெருநிறுவனங்களின் சேமிப்பகங்களில் வைக்கத் தயங்குவது இயல்பு. இக்கட்டுரையாளரும் அத்தயக்கத்தால்தான் பழைய கணினி ஒன்றை வீட்டில் வலைவழங்கியாக நிறுவ நேர்ந்தது. அதிலிருந்த கம்பியில்லா வலையட்டைக்கு அதன் உற்பத்தியாளர் தந்த இயக்கி, மூலநிரல் இல்லாத இருமக் கோப்பு. குறிப்பிட்ட ஒரு பழைய கெர்னலோடு மட்டுமே அது பொருந்தியது. கெர்னலைப் புதுப்பித்தால் வலையிணைப்பு அற்றுவிடும். புதுப்பிக்காவிட்டால் அறியப்பட்ட ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். இணைப்பா, பாதுகாப்பா என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்குப் பயனரை ஓர் இயக்கி தள்ளியது. தனியொருவரின் இடர்ப்பாடாகத் தோன்றும் இது, கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடரும் ஒரு கொள்கை விவாதத்தின் நடைமுறை வடிவம் என்பதை உணர்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

கலைச்சொற்களும் அவை மறைப்பனவும்

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் சுட்டுவதால் எழுந்த குழப்பம், தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற ஆக்கத்தால் நீங்கியது. ‘இலவசம்’ வேறு, ‘கட்டின்மை’ வேறு என்பது சொல்லிலேயே தெளிவாகிறது. ‘திறமூலம்’ என்பதோ நிரல் கண்ணுக்குப் புலப்படுதலை முதன்மைப்படுத்துகிறது. முன்னது உரிமையைப் பேசுகிறது. பின்னது காட்சியைப் பேசுகிறது.

‘இயக்கி’ என்ற சொல் இந்த அளவு தெளிவைத் தரவில்லை. அது கருவியை இயங்கச் செய்யும் ஒற்றைப் பொருளாகத் தோன்றுகிறது. உண்மையில் இங்கு இரண்டு அடுக்குகள் உள்ளன. ஒன்று, கணினியின் மையச் செயலியில், கெர்னலின் உள்ளேயே, முழு அதிகாரத்தோடு ஓடும் இயக்கி. மற்றொன்று, வலையட்டை போன்ற கருவியின் சொந்தச் சிறு செயலியில் ஓடும் நிலைபொருள். இரண்டில் எதற்கேனும் மூலநிரல் தரப்படாது எந்திர மொழியில் மட்டும் கிடைப்பின், அதனை இக்கட்டுரை ‘இருமத் திரள்’ எனக் குறிக்கிறது. மூன்று நிலைப்பாடுகளும் வேறுபடுவது இவ்விரு அடுக்குகளுக்கிடையே எங்கே கோடு கிழிப்பது என்பதில்தான்.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை: தூய்மையின் எல்லை

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றக் கதையே ஓர் அச்சுப்பொறியைப் பற்றியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு 1980ஆம் ஆண்டையொட்டி வந்த ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறி, தாள் சிக்கினால் அதைப் பயனருக்கு அறிவிக்காது. முந்தைய பொறியின் நிரலைத் திருத்தி இக்குறையைப் போக்கியிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குப் புதியதன் மூலநிரல் மறுக்கப்பட்டது. 1985இல் அவர் நிறுவிய அறக்கட்டளையின் கொள்கைக்குள் இந்த நிகழ்வின் நினைவு இன்றும் உள்ளது. இயக்கியைத் திருத்த இயலாமை, இவ்வியக்கத்தின் முதல் மனக்குறை.

அறக்கட்டளை ஏற்கும் இயங்குதளங்களில் மூடிய இயக்கிக்கும் இடமில்லை, மூடிய நிலைபொருளுக்கும் இடமில்லை. ஆயின் வன்பொருளுக்கு அது வழங்கும் சான்றிதழில் ஒரு விலக்கு உண்டு. துணைச் செயலிகளுக்குள் பொதிந்து, பயனர் வாங்கிய பின் மாற்றப்படுவதாகக் கருதப்படாத நிரல், வன்பொருளின் பகுதியாகவே கொள்ளப்படும். உற்பத்தியாளராலும் பயனராலும் மாற்ற இயலாத ஒன்று, மின்சுற்றுக்கு நிகர் என்பது இதன் தருக்கம்.

இத்தருக்கம் அறநோக்கில் முரணற்றது. உற்பத்தியாளர் மாற்றலாம், பயனர் மாற்றக்கூடாது என்ற ஏற்றத்தாழ்வையே அது எதிர்க்கிறது. பாதுகாப்பு நோக்கில் விளைவு வேறு. ஒரே பிழையுடைய ஒரே நிலைபொருளை இரண்டு அட்டைகள் கொண்டிருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் அது நிலையாகப் பொறிக்கப்பட்டுள்ளது. மற்றொன்றில் கணினி தொடங்கும்போது ஏற்றப்படுகிறது. முதலாவது ஏற்புடையது, இரண்டாவது விலக்கப்பட வேண்டியது என இவ்விதி கூறும். பிழை வெளிப்படும் நாளில் திருத்தம் பெறக்கூடியதோ இரண்டாவது மட்டுமே. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகிய செயலிக் குறைபாடுகள் வெளியானபோது இவ்வினா கற்பனையாக நிற்கவில்லை. ஸ்பெக்டரின் ஒரு வகைக்கான தடுப்புகளுள் சில செயலியின் நுண்நிரல் புதுப்பிப்பை வேண்டின. அந்நுண்நிரல் மூடிய திரள் ஆதலால், அறக்கட்டளை ஏற்கும் இயங்குதளங்கள் அதனை வழங்குவதில்லை. பழைய நுண்நிரலும் மூடியதே. அது செயலியிலேயே தங்கி ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே தூய்மை காக்கப்பட்டது வட்டில் மட்டுமே.

ஓப்பன்பிஎஸ்டி: உரையில்லாச் சூத்திரம்

ஓப்பன்பிஎஸ்டி, பாதுகாப்பையே தன் அடையாளமாகக் கொண்ட இயங்குதளம். வீட்டு வழங்கிக்கு வேண்டிய பலவும் அதன் அடிப்படை நிறுவலிலேயே உள்ளன. அதன் வலைவழங்கி மென்பொருள் தொடக்கத்திலேயே ஒரு கோப்புறைக்குள் அடைக்கப்பட்டு ஓடுகிறது. அதைக் கைப்பற்றியவர் கோப்பமைப்பின் ஏனைய பகுதிகளைக் காண இயலாது. 2016இல் வந்த ‘பிளெட்ஜ்’, 2018இல் வந்த ‘அன்வெயில்’ ஆகிய வசதிகளால், ஒரு நிரல் தனக்குத் தேவையான செயல்களையும் கோப்புகளையும் முன்கூட்டியே அறிவித்து, ஏனையவற்றைத் தானே துறந்துவிடுகிறது. தாக்குதல் நிகழாது என்ற நம்பிக்கையை விட, நிகழ்ந்தாலும் சேதம் பரவாது என்ற ஏற்பாட்டையே இவ்வடிவமைப்பு சார்ந்துள்ளது.

இயக்கிகள் குறித்த அதன் நிலைப்பாடும் இதிலிருந்தே பிறக்கிறது. கெர்னலுக்குள் இருமத் திரளுக்கு இடமில்லை. 2006 மே மாதம் வெளியான 3.9ஆம் பதிப்பு இந்த எதிர்ப்பையே தன் கருப்பொருளாகக் கொண்டு, அதற்கெனப் பாடலொன்றையும் வெளியிட்டது. வன்பொருள் விவரக்குறிப்புகளைப் பெற இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதையும் இத்திட்டத்தினர் மறுத்தனர். மாறாக, லினக்ஸ் கெர்னலின் முன்னணி உருவாக்குநரான கிரெக் குரோவா-ஹார்ட்மன், உற்பத்தியாளர்களுக்கு இலவசமாக இயக்கி எழுதித் தருவதாகவும், வேண்டுமானால் அத்தகைய ஒப்பந்தத்துக்கு உட்பட்டே எழுதுவதாகவும் 2007 ஜனவரியில் அறிவித்தார். எழுதப்படும் இயக்கி திறமூலமாகவே வெளிவரும் என்பது அவர் தரப்பு வாதம்.

இவ்வேறுபாட்டைத் தமிழ் ஆய்வாளர் எளிதில் உணரலாம். இரகசிய ஒப்பந்தத்தின் கீழ் எழுதப்பட்ட இயக்கியில் மூலநிரல் முழுவதும் கண்முன் இருக்கும். ஆனால் கருவியின் இன்ன இடத்தில் இன்ன எண்ணை இட வேண்டும் என்பது மட்டுமே தெரியும். ஏன் இட வேண்டும் என்பது ஒப்பந்தத்துக்குள் மறைந்திருக்கும். அது உரையில்லாச் சூத்திரம். படிக்கலாம், படியெடுக்கலாம், பிழையைப் பிழை என்று துணிய இயலாது. பாடம் சிதைந்திருப்பதை அறியப் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்பது சுவடிப் பதிப்பின் அடிப்படைப் பாடம். இயக்கிக்கும் இது பொருந்தும். எனவே திறந்த நிரலோடு திறந்த விவரக்குறிப்பையும் கோரிய ஓப்பன்பிஎஸ்டி, ‘திறமூலம்’ என்ற சொல்லின் போதாமையைச் சரியாகவே கண்டுகொண்டது எனலாம்.

இந்நிலைப்பாட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. கெர்னலில் திரளை மறுக்கும் அதே இயங்குதளம், கருவிக்குள் ஓடும் மூடிய நிலைபொருளை ஏற்கிறது. மறுபங்கீட்டுக்கு இசைவுள்ளதைத் தானே சேர்த்து வழங்குகிறது. இசைவற்றதை நிறுவலின் பின் தரவிறக்க வழி செய்கிறது. இதனாலேயே, தியோ டி ராட் அவர்களுக்கு 2004ஆம் ஆண்டின் விருதை அளித்த அறக்கட்டளை, அவர் தலைமையேற்ற இயங்குதளத்தைத் தன் ஏற்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

நிலைபொருள் கருவிக்குள் மட்டுமே ஓடுவதால் கணினியைத் தீண்டாது என்பது இந்த ஏற்புக்கு அடிப்படையான எண்ணம். 2017இல் கூகுள் புராஜெக்ட் ஜீரோவின் கால் பெனியமினி வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை அசைத்தது. பிராட்காம் கம்பியில்லாச் சில்லின் நிலைபொருளில் இருந்த பிழைகள் வழியாக, காற்றலையிலேயே சில்லைக் கைப்பற்றி, அங்கிருந்து கைபேசியின் மையச் செயலிக்குள்ளும் நுழையலாம் என்று அவர் செய்துகாட்டினார். நினைவகத்தை நேரடியாக அணுகும் உரிமையுடைய கருவி, இடையே தடுப்பு அமையாவிட்டால், வேலிக்கு வெளியே நிற்கும் அயலார் ஆகாது, வீட்டுக்குள்ளேயே வாழ்வது. இயக்கிக்கும் நிலைபொருளுக்கும் இடையே கிழித்த கோடு பராமரிப்புக்கு உதவுவது. பாதுகாப்பு எல்லையாக அதை நம்ப இயலாது.

டெபியன்: ஒப்பந்தத்தின் உள்முரண்

டெபியனின் நிலைப்பாட்டை அதன் சமூக ஒப்பந்தம் என்ற ஆவணத்தில் காணலாம். முழுவதும் கட்டற்றதாகவே டெபியன் விளங்கும் என்பது அதன் முதற்கூறு. 2022 அக்டோபரில் முடிவுற்ற வாக்கெடுப்பின்படி அதன் ஐந்தாம் கூறு திருத்தப்பட்டது. டெபியனின் பகுதியாகாத நிலைபொருளையும், வன்பொருளுக்குத் தேவையெனின், அதிகாரப்பூர்வ நிறுவல் ஊடகத்தில் சேர்க்கலாம் என அது இசைந்தது. 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு அவ்வாறே அமைந்தது. அத்தகைய நிலைபொருளுக்கெனத் தனிப் பிரிவும் ஏற்பட்டது.

முதற்கூறு ‘முழுவதும் கட்டற்றது’ என்கிறது. ஐந்தாம் கூறு கட்டுடையதை உடன் அனுப்புகிறது. ‘டெபியனின் பகுதியன்று’ என்ற தொடரே இரண்டையும் ஒட்டவைக்கும் பசை. ஒரே ஊடகத்தில் வந்து, ஒரே நிறுவியால் ஏற்றப்படும் ஒன்றைப் பகுதியன்று எனல் சொல்லளவிலான தீர்வு என்ற குற்றச்சாட்டை மறுப்பது கடினம். எனினும் இத்திருத்தத்தில் இருவகைப் பயன் உண்டு. வலையட்டை இயங்காததால் நிறுவலைக் கைவிடும் புதியவர், கெர்னலைப் புதுப்பிக்க இயலாத மூடிய இயக்கியிடம் தஞ்சம் புகுவது குறையும். மூடியவை எவை என்பது தனிப் பிரிவால் பெயரிட்டுக் காட்டப்படுகிறது. மறைத்து ஏற்பதைவிட அறிவித்து ஏற்பது மேல்.

திறந்தநிலையே பாதுகாப்பாகுமா?

மூன்று நிலைப்பாடுகளுக்கும் பொதுவான முன்முடிபு, திறந்தது பாதுகாப்பானது என்பது. இரண்டு நிகழ்வுகள் இதனைக் கேள்விக்குள்ளாக்குகின்றன. 2012 மார்ச்சில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 பதிப்பில் இருந்த ‘ஹார்ட்பிளீட்’ பிழை, 2014 ஏப்ரல் வரை வெளிப்படவில்லை. நிரல் எவருக்கும் திறந்தே கிடந்தது, கண்டவர் இலர். காண இயலுதல் வேறு, காணுதல் வேறு.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட ‘எக்ஸ்இசட்’ நிகழ்வு இன்னும் நுட்பமானது. வீட்டு வழங்கியின் தொலைநுழைவாயிலாகிய எஸ்எஸ்எச் சேவையைச் சில லினக்ஸ் வழங்கல்களில் கைப்பற்றும் புறவாசல், சுருக்க நூலகம் ஒன்றின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புகுத்தப்பட்டிருந்தது. தீநிரல் ஒளிந்திருந்த இடம், சோதனைக்கெனச் சேர்க்கப்பட்ட இருமக் கோப்புகள். திறமூலத் திட்டம் ஒன்றின் மடியிலேயே ஓர் இருமத் திரள் தங்கியிருந்தது. நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்டிரெஸ் ஃபிராய்ண்டு என்ற பொறியாளரின் ஐயமே அதனை வெளிக்கொணர்ந்தது. திறந்தநிலை அவருக்குப் பிழையைக் காட்டவில்லை. ஐயம் எழுந்தபின் ஆராய்ந்து துணியும் வழியைத் தந்தது. மூடிய இயக்கி ஒன்றில் அதே தாமதம் நேர்ந்திருப்பின், ஐயம் ஐயமாகவே நின்றிருக்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ‘இது திறந்ததா?’ என்ற வினா பாதுகாப்பை அளக்கப் போதாது என்பது பெறப்படும். ‘பிழை வெளிப்படும் நாளில் இதனை யார் திருத்த இயலும்?’ என்பதே பொருத்தமான வினா. அறக்கட்டளை பயனருக்கும் உற்பத்தியாளருக்கும் சமநிலை வேண்டி, சில இடங்களில் இருவருக்கும் திருத்தம் இயலாமற்போவதை ஏற்றது. ஓப்பன்பிஎஸ்டி நிரலோடு விளக்கமும் வேண்டும் என்ற கூரிய உண்மையைக் கண்டும், நிலைபொருளின் வாயிலில் நின்றுவிட்டது. டெபியன் முரணை ஏற்றுப் பெயரிட்டது. அப்பெயரீடு நாளடைவில் பழக்கமாகிக் கோரிக்கையை மழுங்கச் செய்யக்கூடும்.

வீட்டில் வழங்கி நடத்துவோருக்கு இதிலிருந்து சில நடைமுறைகள் பிறக்கின்றன. வன்பொருளை வாங்குமுன் அதன் இயக்கி கெர்னலின் பொது மூலத்திலேயே உள்ளதா என ஆராய வேண்டும். கம்பியில்லா அட்டையைத் தவிர்த்துக் கம்பியிணைப்பைக் கொண்டால், காற்றலையில் வரும் தாக்குதலுக்கு வழங்கியில் இடமிராது. எஸ்எஸ்எச் நுழைவில் கடவுச்சொல்லை நீக்கித் திறவுகோல் முறையை மட்டும் வைத்தல், தேவையற்ற சேவைகளை மூடுதல், வலைவழங்கி மென்பொருளை அடைத்து ஓட்டுதல் ஆகியன பழைய அறிவுரைகளே. அவற்றின் அடியில் இருக்கும் இயக்கி திருத்தத்தக்கதாக இருந்தால்தான் அவை நிலைக்கும்.

இக்கட்டுரையாளரின் வலையட்டை இறுதியில் கழற்றப்பட்டது. பொது மூலத்தில் இயக்கி உள்ள, கம்பிவழி இணையும் அட்டை ஒன்று அதனிடத்தில் அமைந்தது, கெர்னல் புதுப்பிக்கப்பட்டது. அப்புதிய அட்டைக்குள்ளும் மூடிய நிலைபொருள் ஓடுகிறது. கலைஞர்களுக்கு அளித்த வாக்கு அந்த அளவில், முழுமையடையாமலே காக்கப்படுகிறது. எவ்வளவு காக்கப்படுகிறது, எவ்விடத்தில் காக்கப்படவில்லை என்பதை அவர்களிடம் மறைக்காது சொல்ல இயல்வதே, இத்திறனாய்வு இக்கட்டுரையாளருக்கு அளித்த பயன்.